தகர ரயிலுக்குக் கீழே

நான் செய்த தகர ரயில் ஓடுவதை ராமநாதபுரம் பக்கத்தில் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கைதட்டியிருக்கிறார்கள். இன்னொரு தடவை ஓட்டச் சொல்லித் தரையில் புரண்டு அழுதிருக்கிறார்கள். என் மனைவி பார்த்தாளா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இத்தனைக்கும் மூன்று வருடம் அந்த ரயிலை ஓட்டியதே அவள்தான். இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. சொல்லாமல் இத்தனை காலம் வைத்திருந்து என்ன கண்டேன் என்றும் தெரியவில்லை. ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். நான் பாம்பனில் ரயில்வே தச்சனாக இருந்தேன். வண்டிப் பெட்டியில் உடைந்த பலகையை மாற்றுவது, ஸ்டேஷன் பெஞ்சுக்குக் கால் போடுவது, கதவுக்குக் கீல் வைப்பது, இப்படித்தான் வேலை. செய்ததை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெஞ்சில் உட்காருகிறவன் தச்சனையா நினைக்கப் போகிறான்? எனக்கோ நாலு பேர் பாராட்டினால் தலைகால் புரியாது. கோபமும் மூக்குக்கு மேல் நிற்கும். இப்படிப்பட்ட ஆளுக்குப் பெண் கொடுத்ததற்குத் தன்னையே நொந்துகொள்ள வேண்டும் என்று என் மாமியார் ஒருநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

முதல் ரயிலைத் தங்கச்சிமடம் கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்காகச் செய்தேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒரு சாண் நீளத்தில் எஞ்சின், பின்னால் மூன்று பெட்டி. குடிலில் பாலன் படுத்திருக்கும் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் தண்டவாளம் போட்டு நிறுத்தினேன். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, பெத்லகேமுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று கேட்டார். எடுத்துவிடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் குடிலை விட்டு நகரவே இல்லை. பாலனுக்கு ஒரு கும்பிடு, ரயிலுக்கு ஒரு மணி நேரம். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராசாக்கள் திருநாள் வரைக்கும் ரயில் அங்கேயே இருந்தது. சாமியாரே ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் அதை விரலால் தள்ளிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வருடம் கோயில் திருவிழாவுக்கு ஓடுகிற ரயில் வேண்டும் என்று கேட்டார்கள். அப்போதுதான் பாம்பன் பாலத்தையே செய்துவிடுவது என்று கிளம்பினேன். பன்னிரண்டு அடி நீளம், மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற பலகை. ஒரு கோடியில் மண்டபம் ஸ்டேஷன், நடுவில் கடலும் பாலமும், அந்தப் பக்கம் பாம்பன், ராமேஸ்வரம், மறுகோடியில் தனுஷ்கோடியும் இலங்கைக்குப் போகிற கப்பலும். கடலுக்குத் தகரத் தட்டு ஒன்று செய்து அதில் நிஜமான கடல் தண்ணீரையே ஊற்றி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துவிட்டேன். தண்டவாளத்துக்குக் கீழே வரிசையாகக் கிடக்கும் கட்டைகளுக்குப் பனை ஈர்க்கு. தனுஷ்கோடி மணலைத் தனுஷ்கோடியில் இருந்தே கொண்டுவந்தேன். உடைமர முள்ளை நறுக்கி மரம் செய்ததும், பஞ்சை மைபூசிப் புகை செய்ததும், ராமேஸ்வரம் கோபுரத்துக்கு அட்டையில் அடுக்கடுக்காக மடிப்பு வைத்ததும் என் மனைவி. அவளுக்கு விரல் மெல்லிசு.

பாம்பன் பாலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படகும் சிறு கப்பலும் போக வரப் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, இரண்டு கைகளைத் தூக்குகிற மாதிரி மேலே எழும்பும். அதைத் தூக்குவது மெஷின் இல்லை, ஆட்கள். பக்கத்துக்கு ஆறேழு பேர் நின்று இரும்புக் கம்பியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தூக்குவார்கள். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவருடைய உள்ளங்கையைத் தொட்டால் மரப்பட்டையைத் தொட்ட மாதிரி இருக்கும்.

என்னுடைய பாலமும் அப்படியே பிளந்து எழும்பியது. மூன்று கயிறு வேலை. ரயிலின் அடியில் ஒரு தகர நாக்கு வைத்து, பலகையில் நீளமாக வெட்டிய இடுக்கு வழியாகக் கீழே இறக்கி, கயிற்றில் கட்டியிருந்தேன். பலகைக்கு அடியில் இருக்கும் மரச் சக்கரத்தைச் சுற்றினால் ரயில் போகும், திருப்பிச் சுற்றினால் வரும். இன்னொரு கயிற்றை இழுத்து ஆணியில் மாட்டினால் பாலம் எழும்பும். மூன்றாவது கயிறு படகுக்கு. இவ்வளவையும் அடியில் உட்கார்ந்து ஒருத்தர் செய்ய வேண்டும். வலது கை சக்கரத்துக்கு, இடது கை பாலத்துக்கு. படகுக் கயிற்றுக்குக் கை மிச்சமில்லை என்பதால் அதைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த ஒருத்தர் என் மனைவி. பலகையைச் சுற்றித் தரை வரைக்கும் நீலத் துணியைத் தொங்கவிட்டு, அவளை உள்ளே உட்கார வைத்தேன். மேலே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் வெளியே நின்று காலால் தரையைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் ரயில் கிளம்ப வேண்டும், இன்னொரு தட்டுக்கு நிற்க வேண்டும். இரண்டு தட்டு பாலம் மேலே, மூன்று தட்டு பாலம் கீழே.

இது வரைக்கும் தப்பொன்றும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம், அவ்வளவுதான். திருவிழாவில் ஒரு வாத்தியார் வந்து, இது எதில் ஓடுகிறது, பேட்டரியா என்று கேட்டார். சட்டை போட்ட, படித்த மனிதர். அவர் வாயால் பேட்டரி என்று கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடேயப்பா, தானாகவே பாலம் தூக்குகிறதே என்று அவர் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்குப் பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே எனக்குப் பாதி வேலையாகிவிட்டது. ராமநாதபுரத்தில் லாரி வைத்திருந்தவரிடம் கேட்டு, செத்துப்போன பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, சிவப்பு வயர் இரண்டை மாட்டிப் பலகையின் ஓரத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். வயரின் மறுமுனை பலகைக்குள் போய் ஒன்றுமில்லாமல் முடிந்தது.

பேர் பரவியது. ராமநாதபுரத்தில் பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். திருவாடானையில் தேரோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். தேவிபட்டினத்தில் கடலில் நவகிரகம் கும்பிட வந்த கூட்டம், ஈர வேட்டியோடு நின்று பார்த்தது. எல்லா இடத்திலும் நான் மேலே நின்று பேசினேன், அவள் கீழே உட்கார்ந்து சுற்றினாள். கூட்டம் வருவதற்கு முன்னால் உள்ளே போய்விட வேண்டும், எல்லோரும் போன பிறகுதான் வெளியே வர வேண்டும். ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு பனையோலை விசிறியும் கொடுத்திருந்தேன். விசிறுவதற்கு அவளுக்கு எந்தக் கை இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை வெளியே நின்று ரயில் ஓடுவதைப் பார்க்க வேண்டும். தான் செய்த கோபுரத்துக்குப் பின்னால் ரயில் போகும்போது எப்படி இருக்கும், பாலம் தூக்கினால் படகு சரியாக நடுவில் போகிறதா, பிள்ளைகள் ஏன் அப்படிக் கத்துகிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் கிளம்பும்போது கேட்பாள். நான் அடுத்த ஊரில் என்பேன். வேறு ஆளை உள்ளே உட்கார வைத்தால் பேட்டரிக் கதை வெளியே வந்துவிடும், அது ஒரு சாக்கு. ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், யாரும் இல்லாத நேரத்தில், நானே உள்ளே போய் ஐந்து நிமிடம் சுற்றியிருக்கலாமே? அதைக் கூட ஒருநாள் அவளே சொன்னாள்.

"நீங்க செத்த நேரம் உள்ள இருங்க. நான் ஒரே ஒரு நடை பாத்துட்டு உள்ள வந்துருதேன்."

நேரம் இல்லை என்று சொன்னேன். நேரம் இருந்தது. வெள்ளைச் சட்டையோடு கீழே தவழ்ந்து போக எனக்கு மனசில்லை. உண்மை அதுதான்.

மூன்றாவது வருடம் மண்டபம் ஊரில் ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா வைத்தார்கள். பெரிய என்ஜினியர் வருகிறார் என்று சொன்னார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டாலும் எங்களுக்கு அவர் துரைதான். அவருக்குப் பிடித்துவிட்டால் என் ரயிலை மதுரைப் பொருட்காட்சிக்கு அனுப்புவார் என்று ஆபீஸ் கிளார்க் ஒருவர் ஊதிவிட்டார். அவ்வளவு போதாதா எனக்கு? எஞ்சினுக்குப் புதுக் கறுப்பு பூசினேன். கடன் வாங்கின பூட்ஸை மாட்டிக்கொண்டேன். அன்று காலையில் பலகைக்கு அடியில் இருந்த ரயில் கயிற்றையும் மாற்றினேன்.

பழைய கயிறு பருத்தி நூல் முறுக்கியது. அழுக்கேறி, இங்கொன்றும் அங்கொன்றுமாக முடிச்சு விழுந்து, சில முடிச்சில் கலர் நூல் சுற்றி அசிங்கமாக இருந்தது. அறுந்த இடத்தில் எல்லாம் இவள் முடிந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் வலைக்கு நைலான் நூல் வரத் தொடங்கியிருந்தது. ஒரு வலைக்காரரிடம் கேட்டு வாங்கிய புதுக் கயிறு, வழவழவென்று இருந்தது. நான் பழையதை அறுத்துக் கீழே போட்டபோது அவள் பதறிப்போய் வந்தாள்.

"அத மாத்தாதீங்க. அது என் கைக்குப் பழகுன கயிறு."

துரை முன்னால் அறுந்தால் மானம் கப்பலேறிவிடும், உனக்கு என்ன தெரியும் என்று ஒரு சத்தம் போட்டேன். அவள் பழைய கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. துரை இன்னும் வரவில்லை. பாலத்து ஆட்கள் சிலர் வேலை முடிந்து வந்தார்கள், மச்சானும் வந்தார். அவர் குனிந்து பாலத்தைத்தான் முதலில் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, பாலத்துல ஆளக் காணோம்? யாரு தூக்குறது?"

ஆளே தேவையில்லை, பேட்டரி தூக்கிவிடும் என்று சொன்னேன். அப்படியானால் எங்கள் பிழைப்பு போச்சு என்று சொல்லு என்று அவர் சிரித்தார், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி வரலியா?"

"வீட்டுல இருக்கா," என்றேன்.

அவருடைய காலுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு துணிதான் இருந்தது. தன் அண்ணன் தன்னைக் கேட்டதையும் நான் வாய் கூசாமல் சொன்ன பதிலையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

துரை வந்தார். கூடவே அவர் வீட்டம்மாவும், உடுப்பு மடிப்புக் கலையாத இரண்டு பெண் பிள்ளைகளும். நான் ஆரம்பித்தேன். என்னுடைய ஆட்டத்தில் ஒரு வித்தை இருந்தது. ரயில் மண்டபத்தை விட்டுக் கிளம்பினதுமே இரண்டு தட்டுத் தட்டிப் பாலத்தைத் தூக்கிவிடுவேன். திறந்து கிடக்கிற பாலத்தைப் பார்த்து ரயில் வரும். பிள்ளைகள் ஐயோ ஐயோ என்று கத்துவார்கள். பாலத்தின் விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் ரயில் நிற்கும். அப்புறம் படகு போகும், பாலம் இறங்கும், ரயில் கடக்கும். மூன்று வருடத்தில் ஒரு தடவை கூட ரயில் அந்த இடத்தைத் தாண்டியதில்லை. நிறுத்துகிற தட்டை நான் அவ்வளவு கச்சிதமாகத் தட்டுகிறேன் என்று எனக்கு என்மேல் ஒரு பெருமை. பேச்சு சுவாரசியத்தில் பல சமயம் நான் தட்டவே மறந்திருக்கிறேன், அப்போதும் ரயில் நின்றிருக்கிறது. அது எப்படி என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அன்றைக்கும் ரயில் கிளம்பியது, பாலம் எழும்பியது. அந்த நேரம் பார்த்து துரை இந்தப் பாலத்துக்கு எத்தனை வோல்ட் பேட்டரி என்று கேட்டார். எனக்கு வோல்ட் எங்கே தெரியும்? முழித்துக்கொண்டு, சிவப்பு வயரைத் தொட்டுக் காட்டி, வாய்க்கு வந்ததை அளந்துகொண்டிருந்தேன். நிறுத்துகிற தட்டைத் தட்டவில்லை. ரயில் விளிம்பைத் தாண்டியது. எஞ்சின் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. பெட்டி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னாலேயே போயின.

கூட்டமே சிரித்தது. துரையும் சிரித்தார். நல்லவேளை, இது என் பொறுப்பில் இருக்கிற பாலம் இல்லை என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கண் இருண்டுவிட்டது. எல்லாம் இவளால்தான், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்தேனோ இல்லையோ, காலைத் தூக்கித் துணியோடு சேர்த்து உள்ளே ஓங்கி உதைத்தேன்.

பூட்ஸ் காலில் ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடி வளையல் உடைகிற சத்தம் கேட்டது. வேறு சத்தம் ஒன்றும் இல்லை. அவள் ஒரு 'ஆ' கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் குட்டு வெளியாகியிருக்கும். என் மானத்தைக் காப்பாற்றப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துரையின் பெண்களில் ஒருத்தி, உள்ளே என்ன சத்தம் என்று கேட்டாள். துரையும் என்னைப் பார்த்தார்.

"எலிங்க சார். உள்ள எலி புகுந்துருக்கும்," என்றேன்.

மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னை இன்றைக்கு நிறுத்தி வைத்து யாராவது கேட்டால், உதைத்ததற்குக் கூடக் கோபம் என்று ஒரு காரணம் சொல்வேன். அந்தச் சிரிப்புக்கு என்ன சொல்வேன்?

கூட்டம் கலைந்தது. துரை காரில் ஏறிப் போனார். மதுரைப் பேச்சே எழவில்லை. மச்சான் மட்டும் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வளையல் சத்தம் என்ன சத்தம் என்று பெண் பிள்ளையோடு பிறந்தவருக்குத் தெரியாதா? வந்து குந்தி உட்கார்ந்து துணியைத் தூக்கினார்.

சேலை முழுக்க வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முந்தானையை வலது மணிக்கட்டில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள், அதில் இரத்தம் ஊறியிருந்தது. படகுக் கயிறு இன்னும் கால் விரலிலேயே இருந்தது. மச்சான் முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் அவருடைய தடித்த விரலுக்கு வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தார். ஒரு ரயில்வே குடியிருப்புப் பிள்ளையின் தகப்பன் வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலைதான்.

மச்சான் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வருசமா உள்ளயா வச்சிருந்த?" என்று கேட்டார். நான் தண்ணீரில் கிடந்த எஞ்சினை எடுத்தேன். "சரி. இப்ப நீ உள்ள போ, மாப்ள. நீ சுத்து. அவ ஒரு தடவ பாக்கட்டும்."

அப்போதாவது போனேனா? வாசலில் நிற்கிறவனைப் பார்த்தேன், என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். ரயில் நனைந்துவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன்.

அவள்தான் முடித்து வைத்தாள். "வேணாம்ணே. வாங்க போவோம்."

அண்ணனோடு போய்விட்டாள். எங்கள் வீட்டுக்கு இல்லை, தங்கச்சிமடத்தில் அவள் தாய் வீட்டுக்கு.

பலகைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பழைய கயிறு கிடந்தது. உடைந்த வளையல் துண்டுகளோடு அதையும் அள்ளி வந்தேன். மறுநாள் வீட்டில் தனியாக உட்கார்ந்து, கை சும்மா இருக்க மாட்டாமல், அதை அவிழ்த்துப் பார்த்தேன். நான் அறுத்த இடத்தைத் தவிர அறுந்த இடம் ஒன்று கூட இல்லை. அத்தனையும் வேண்டுமென்றே போட்ட முடிச்சுகள். பலகையை எடுத்து வைத்து, ரயிலைக் கட்டி, கயிற்றைப் பழையபடி மாட்டி, விரல்களுக்கு நடுவில் ஓட விட்டு மெதுவாகச் சுற்றினேன். ரயில் மண்டபத்தை விடும்போது ஒரு முடிச்சு கைக்கு வந்தது. பாம்பனுக்கு ஒன்று, ராமேஸ்வரத்துக்குச் சிவப்பு நூல் சுற்றியது ஒன்று. பாலத்துக்கு முன்னால் மட்டும் நெருக்கமாக மூன்று முடிச்சு. மூன்றாவது முடிச்சு விரலில் தட்டும்போது எஞ்சின் விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

அவள் கடலோடிகள் வீட்டுப் பெண். அவளைப் பெற்ற அய்யா இருட்டிலும் ஆழம் தெரிந்துகொள்ள, தூண்டில் கயிற்றில் பாகத்துக்கு, அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். கயிறு கையில் ஓட ஓட எத்தனை பாகம் இறங்கியது என்று விரல் சொல்லிவிடும். சின்ன வயதில் அந்த முடிச்சுகளைப் போட்டுக் கொடுத்தவளே இவள்தான். கண்ணுக்குத் தெரியாத ரயிலை அப்படித்தான் ஓட்டியிருக்கிறாள். என் தட்டுக்கு அவள் காத்திருந்ததே இல்லை. நான்தான், அவள் கண்ணை அறுத்து எறிந்துவிட்டு, பார்க்கவில்லை என்று உதைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போய்க் கூப்பிட்டேன், வந்தாள். வழியில் கயிறு விஷயம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொன்னேன்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்," என்றாள்.

உதைத்ததைப் பற்றி நான் பேசவில்லை. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. மணிக்கட்டில் சிறிதாக ஒரு தழும்பு நின்றுவிட்டது, சோறு பரிமாறும்போது கண்ணில் படும். நான் சோற்றைப் பார்த்துக்கொள்வேன். ரயில் பார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. நானாகப் பலகையை மாட்டி, வா, ஓட்டிக் காட்டுகிறேன் என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்பாள், மீன் ஆய வேண்டும் என்பாள்.

அடுத்த வருடம் தங்கச்சிமடம் திருவிழாவுக்கு மறுபடியும் ரயிலைக் கேட்டார்கள். சரி என்றேன். பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக் கடலில் போட்டேன். பூவரச மரத்தில் ஒரு விரல் உயரத்துக்கு மனிதர்களைச் செதுக்கிப் பாலத்தில் பக்கத்துக்கு ஆறு பேரை நிறுத்தினேன். நீலத் துணியை எடுத்துவிட்டேன். கீழே உட்கார்ந்து சுற்றுகிற ஆள் எல்லோருக்கும் தெரியட்டும் என்று முடிவு செய்தேன். மேலே நின்று தட்ட மச்சானைக் கேட்டேன். அவர் தலையாட்டினார்.

திருவிழா அன்று காலையில் அவளிடம் போய், இன்றைக்கு நான் உள்ளே இருக்கிறேன், நீ வந்து முன்னால் நின்று பார் என்றேன். அவள் மாதா படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, பார்ப்போம் என்றாள்.

சாயங்காலம் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனேன். தலை நிமிர்ந்தால் பலகை இடித்தது. முதுகை வளைத்தே உட்கார வேண்டியிருந்தது. இரண்டு நிமிடத்தில் வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. மூன்று வருடம் அவள் இங்கேதான் உட்கார்ந்திருந்தாள். துணி இல்லாததால் வெளியே கால்கள் தெரிந்தன. ஆனால் முன்னால் நெருக்கியடித்து நின்ற பிள்ளைகளின் கால்கள்தான், அதற்குப் பின்னால் ஒரே இருட்டு. பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்கள் நிற்பது பேச்சுச் சத்தத்தில் தெரிந்தது. அவள் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவள் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை.

மச்சானின் கால்கள் என் பக்கத்தில் வந்து நின்றன. ஆட்டம் தொடங்கப் போகிறது. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. தலையைச் சாய்த்து, மெதுவாகக் கேட்டேன்.

"மச்சான், அவ வந்துருக்காளா?"

அவர் கூட்டத்தைப் பார்க்கிறாரா, என்னை நினைத்துக்கொள்கிறாரா, எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் மணல் ஒட்டிய இரண்டு பாதங்கள்தான்.

"வீட்டுல இருக்கா," என்றார்.

நான் சொன்ன அதே பதில், அதே குரலில். உண்மையைச் சொன்னாரா, அன்றைக்கு நான் சொன்ன மாதிரியே சொன்னாரா என்று அந்தக் கால்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் நான் அவளைக் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை. அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்துவிட்டு, சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாள்.

அவர் காலால் ஒரு தட்டுத் தட்டினார். நான் சக்கரத்தைச் சுற்றினேன். கயிறு விரலில் ஓடியது. முதல் முடிச்சு வந்தது. மேலே பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். பாலத்தைத் தூக்கினேன். அடுத்தடுத்து மூன்று முடிச்சும் வந்தன, மூன்றாவதில் நிறுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதில் அவளுடைய கையும் உண்டா என்று காது கொடுத்துக் கேட்டபடியே கீழே குனிந்து உட்கார்ந்திருந்தேன்.